வற்ற வேண்டிய நீர்நிலைகள்

மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர், கோடையில் பாளம் பாளமாக வெடித்த களிமண். பருவகால ஈரநிலம் என்றால் பலருக்கும் ஒன்று அது கொசுக்குட்டை, இல்லாவிட்டால் சும்மா கிடக்கும் பொட்டல். பொட்டல் என்று நினைப்பவர் மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடுகிறார். அக்கறை உள்ளவரோ பொக்லைனைக் கொண்டுவந்து ஆழப்படுத்தி, வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்க வழி செய்கிறார். கெடுதல் என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

தண்ணீர் வற்றாத இடத்தில் மீன் நிலைத்துவிடும். மீன் இருக்கும் இடத்தில் பல தவளை இனங்களின் முட்டையும் தலைப்பிரட்டையும் தப்புவது அரிது. ஆண்டுதோறும் வற்றுவதுதான் அவற்றுக்குக் காவல். தவிர, அடியில் உள்ள களிமண் அடுக்குதான் பல இடங்களில் மழைநீரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதைத் தோண்டி உடைத்தால் இருக்கிற தண்ணீரும் கீழே இறங்கிவிடும்.

காய்ந்த அந்தக் களிமண்ணில் ஒரு கைப்பிடி எடுத்தால், அதில் ஃபேரி ஷ்ரிம்ப் எனும், இறால் போன்ற சிறு நீருயிரியின் முட்டைகள் தூசு போல ஒட்டியிருக்கலாம். உள்ளே கரு வளர்ச்சியை நிறுத்திவிட்டு, வெயிலையும் வறட்சியையும் ஆண்டுக்கணக்கில் தாங்கிக் கிடக்கும். மழை வந்ததும் எல்லா முட்டையும் பொரிந்துவிடாது, ஒரு பகுதி மட்டுமே பொரியும். முதல் மழையோடு வானம் பொய்த்தால் பொரிந்தவை மடியும், மிச்சமிருப்பவை அடுத்த மழைக்குக் காத்திருக்கும். பொரிந்தவற்றுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு, முடிந்துவிடும்.

மண்ணுக்குள்ளும் இப்படி மாறிமாறி நனைவதும் காய்வதும் தேவை. காயும்போது காற்று புகுந்து, பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்குகின்றன. நீர் நிரம்பி ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. வயலிலிருந்து வழியும் உர மிச்சத்தில் ஒரு பகுதி இப்படித்தான் தீர்கிறது.

கொசுப் புகார் முழுப் பொய்யல்ல. புதிதாகத் தேங்கிய நீருக்குக் கொசுதான் முதலில் வரும். தட்டான் புழுக்களும் நீர்வண்டுகளும் பின்னால் வந்துதான் அதன் புழுக்களைத் தின்னத் தொடங்கும்.

உள்ளூர்க்காரர்களை வெளியேற்றினால் நிலம் பிழைக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. ராஜஸ்தானின் பரத்பூரில், பறவைகளுக்குப் பேர்போன ஈரநிலமான கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982-ல் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள், மோதலில் உயிர்களும் போயின. பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடுங்கால ஆய்வு சொன்னது ஊர்க்காரர்களுக்குச் சாதகமாகவே இருந்தது: எருமைகள் போனபின் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்து, பறவைகளுக்கு இடைஞ்சலானது. கலிபோர்னியாவின் மழைக்குட்டைகளில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வும் அதே திசைதான். மாடு மேயாத குட்டைகளில் தண்ணீர் நிற்கும் காலம் பாதியோ அதற்கும் கீழோ ஆகிவிட்டது. அடர்ந்த புல் நீரை உறிஞ்சி ஆவியாக்கிவிடுவது ஒரு காரணம். எல்லா இடத்திலும் எல்லா அளவு மேய்ச்சலும் நல்லது என்று இதற்குப் பொருளல்ல.

ஈரநிலங்களைக் காப்பதற்கான 1971-ன் ராம்சர் சர்வதேச ஒப்பந்தம் தற்காலிக நீர்நிலைகளையும் ஈரநிலம் என்றே வரையறுக்கிறது. ஆனால் கோடையில் வரைபடம் எடுக்க வருபவர் கண்ணில் அவை படுவதில்லை. எந்தப் பள்ளத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்பதை அங்கே மாடு மேய்ப்பவரிடம் முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டு, மழை முடிந்த கையோடு போய் அளப்பதுதான் சரியான வழி.