இழுவை இழந்த இன்ஜினும் ஆக்சிஜனை அளக்கும் பீங்கானும்

வாசகர் ஒருவர் தம்முடைய சிறிய பெட்ரோல் காரைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார். ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக மிதித்தாலும் வண்டி பிக்கப் எடுப்பதில்லை. மேடு ஏறும்போது கியரைக் குறைத்தாலும் திணறுகிறது. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கடைசியில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் நிலைமை அப்படியே இருக்கிறது. அடுத்து எதை மாற்றலாம் என்பது அவருடைய கேள்வி. எதை மாற்றுவது என்பதை விட்டுவிட்டு, எதை அளப்பது என்று தொடங்குவதே சரி. ஏனெனில், அந்த வண்டியில் உள்ள கணினி, கோளாறு தலைகாட்டிய நாள் முதலாகவே அதைப் பற்றிய கணக்கை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதற்கு முன், இன்ஜினில் சக்தி பிறக்கவில்லையா, பிறந்த சக்தி சக்கரத்தைச் சேரவில்லையா என்பதைப் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். உயர்ந்த கியரில் அழுத்தி மிதிக்கும்போது இன்ஜினின் சுற்று வேகம் விறுவிறுவென்று ஏறி, வண்டியின் வேகம் மட்டும் ஏறாமல் நின்றால், கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். சிறிது தூரம் பிரேக் மிதிக்காமல் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்க்கும்போது ஒரு சக்கரம் மட்டும் அனலாகக் கொதித்தால், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டும் இல்லையென்றால் இன்ஜினுக்குள் போகலாம்.

பெட்ரோல் இன்ஜினின் வலிமை, அது உள்ளிழுக்கும் காற்றின் வலிமைதான். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. ஆகவே நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில், முழு மிதியில், அது ஏறக்குறைய 1,500 லிட்டர் காற்றைக் கேட்கிறது. நிரம்புவதில் ஏற்படும் குறைகளைக் கழித்துப் பார்த்தால் நொடிக்கு 25 கிராம் காற்று என்று கொள்ளலாம். முழு மிதியில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை, அதாவது கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலை, கிட்டத்தட்ட எட்டிவிட வேண்டும். காரின் கணினியில் உள்ள எண்களைப் படிக்கும் ஸ்கேனரில் 95க்கு மேல் தெரிந்தால், ஏர் ஃபில்டரும், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தகடான த்ராட்டிலும் குற்றமற்றவை. 80ஐத் தாண்டவில்லை என்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு சென்சார் பழுதால் கணினி தற்காப்பு நிலைக்குப் போய் த்ராட்டிலை முழுவதும் திறக்க மறுக்கிறது. மலைப்பகுதியில் அளப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காற்றழுத்தமும், அதனுடன் அதே அளவு சக்தியும், கோளாறு எதுவும் இல்லாமலேயே குறைந்துவிடும்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் குறையும் என்று பரவலாக நம்பப்படுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ஆம் ஆண்டு இதைச் சோதித்தது. கணினி எரிபொருளைக் கட்டுப்படுத்தும் வண்டிகளில் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை, ஆனால் முழு மிதியில் வேகமெடுக்கும் திறன் குறைந்தது என்று அந்த ஆய்வு காட்டியது. இத்தகைய எளிய கேள்விகளுக்குப் பொதுப் பணத்தில் ஆய்வு நடப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஃபில்டர் விற்பவர்களுக்கு இதை ஆராய வேண்டிய அவசியமில்லை. அரசின் ஆய்வுக்கூடம் செய்யாவிட்டால் வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள்.

காற்று சரி, இனி பெட்ரோல். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கணினி உள்ளே வரும் காற்றைக் கணக்கிட்டு, அதற்கேற்ற நேரம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறந்து வைக்கிறது. ஆனால் திறந்த துளை வழியாக உண்மையிலேயே எவ்வளவு பெட்ரோல் வந்தது என்பதை அறிய அதற்கு நேரடி வழி கிடையாது. பம்ப் தளர்ந்திருக்கலாம், இன்ஜெக்டரின் நுனியில் படிவு சேர்ந்திருக்கலாம். ஆகவே அது எரிந்து முடிந்த புகையைப் பார்த்து, நடந்ததை ஊகிக்கிறது. அந்த வேலையைச் செய்வது புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்சிஜன் சென்சார். 1976ஆம் ஆண்டு கார்களில் இடம்பெறத் தொடங்கிய இந்தச் சிறு கருவியை, ஒரு காரில் உள்ள பொருள்களிலேயே மிக அழகானது என்று நான் கருதுகிறேன்.

அதன் உள்ளே இருப்பது சிர்கோனியம் டையாக்சைடு என்னும் பீங்கானால் ஆன, விரலுறை வடிவிலான சிறு குப்பி. அதன் உட்புறத்தைத் தூய காற்றும், வெளிப்புறத்தைப் புகையும் தொட்டுக்கொண்டிருக்கும். இருபுறமும் பிளாட்டினம் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். அந்தப் பீங்கானில் கொஞ்சம் இட்ரியம் கலக்கிறார்கள். சிர்கோனியத்துக்கு நான்கு நேர்மின்னூட்டம், இட்ரியத்துக்கு மூன்றுதான். சிர்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் இட்ரியம் போய் அமரும்போது மின்கணக்கைச் சரிசெய்ய, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜன் வீதம் படிகத்தில் இடம் காலியாகிறது. சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும், வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் ஒவ்வொருவராக நகர்ந்து அமர்வதைப் போல, ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலியிடங்கள் வழியாகத் திடப்பொருளுக்குள்ளேயே நகரத் தொடங்குகின்றன. எலெக்ட்ரான்களால் அந்த வழியே போக முடியாது. ஆகவே ஆக்சிஜன் மிகுந்த பக்கத்துக்கும் குறைந்த பக்கத்துக்கும் இடையே மின்னழுத்தம் உருவாகிறது.

எவ்வளவு மின்னழுத்தம் என்பதை வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் வகுத்த சமன்பாடு சொல்கிறது. புகையின் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், வெளிப்புறத்தில் ஆக்சிஜன் பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஒவ்வொரு முறையும் சுமார் 0.04 வோல்ட் கூடுகிறது. பெட்ரோல் போதாமல், புகையில் 2 சதவீத ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் கிடைப்பது 0.05 வோல்ட்டுக்கும் குறைவு. பெட்ரோல் சற்றே கூடுதலானால், மிஞ்சிய ஆக்சிஜனையும் பிளாட்டினத்தின் மேற்பரப்பில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் தின்று தீர்த்துவிடுகின்றன. அப்போது ஆக்சிஜனின் அளவு பத்தில் ஒன்றாக, அதிலும் பத்தில் ஒன்றாக என்று ஏறக்குறைய இருபது படிகள் சரிந்துபோகிறது, மின்னழுத்தம் 0.9 வோல்ட்டுக்குத் தாவுகிறது. கலவை விகிதம் ஒரு மயிரிழை மாறினாலே இந்தத் தாவல் நிகழ்ந்துவிடுகிறது. வேறு எந்த மின்சுற்றின் துணையும் இல்லாமல், படிகத்தில் உள்ள காலியிடங்களே இவ்வளவு கூர்மையான தராசாக அமைந்துவிடுவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கணினி 0.45 வோல்ட்டை நடுக்கோடாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே இருந்தால் பெட்ரோலைக் கூட்டியும் மேலே இருந்தால் குறைத்தும் கொண்டேயிருக்கிறது. அந்தந்த நொடியில் செய்யும் திருத்தத்துக்கு ஷார்ட் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் என்றும், அதே திருத்தம் தொடர்ந்து தேவைப்படும்போது நினைவில் பதித்துக்கொள்ளும் எண்ணுக்கு லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் என்றும் பெயர். பெட்ரோலைக் கூட்டினால் எண் பூச்சியத்துக்கு மேலே, குறைத்தால் கீழே. இரண்டையும் கூட்டிவரும் எண் பூச்சியத்தை ஒட்டி, பத்து சதவீதத்துக்குள் நின்றால் நலம். பல வண்டிகளில் 20 அல்லது 25 சதவீதத்தைத் தாண்டினால்தான் செக் இன்ஜின் விளக்கு எரியும். 18 சதவீதத்தில் தவித்துக்கொண்டிருக்கும் இன்ஜின் விளக்கைக் காட்டாது. ஆனால் எண்ணைக் காட்டும். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் 2001 முதலும் விற்பனையான பெட்ரோல் கார்களில் இந்த எண்ணைப் படிக்கும் பொதுவான இணைப்பு கட்டாயம் என்பதால், கைபேசியுடன் இணையும் சிறிய ஸ்கேனரே இதற்குப் போதும்.

படிப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. ஒரே நிலையில் படித்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஐட்லிங்கிலும், நின்றபடி 2,500 சுற்றிலும், சாலையில் பாரம் ஏற்றி இழுக்கும்போதும் படித்து மூன்றையும் ஒப்பிட வேண்டும். காற்றின் எடையை நேரடியாக அளக்கும் சென்சார் கொண்ட வண்டியில், மேனிஃபோல்டு குழாய் ஒன்று விரிசல் விட்டு நொடிக்கு 0.4 கிராம் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது என்று கொள்வோம். ஐட்லிங்கில் சென்சார் அளப்பது மொத்தமே 2 கிராம்தான் என்பதால் அது அதில் ஐந்தில் ஒரு பங்கு; ட்ரிம் 20ஐ நெருங்கும். பாரம் ஏறி 25 கிராம் காற்று போகும்போது அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை; முழு மிதியில் உள்ளிழுக்க வெற்றிடமே இல்லாததால் கசிவும் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே ஐட்லிங்கில் மட்டும் உயர்ந்த எண்ணைக் கண்டு, மேடு ஏறாத குறைக்கு அந்தக் குழாயைக் குற்றம் சொல்ல முடியாது. ஐட்லிங்கில் 2 ஆகவும் பாரத்தில் 20 ஆகவும் ஏறும் எண்தான் இழுவைக் குறைக்குரிய அடையாளம்: கேட்ட பெட்ரோல் வந்து சேரவில்லை.

அதை உறுதிசெய்ய, முன்னும் பின்னும் வண்டிகள் இல்லாத பாதுகாப்பான சாலையில், ஒருவர் ஓட்ட, மற்றொருவர் ஸ்கேனரைப் பார்க்க, முழு மிதியில் சென்சாரின் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். முழு மிதியில் கணினி வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டித் தரும், மின்னழுத்தம் 0.85 வோல்ட்டுக்கு மேல் அசையாமல் நிற்க வேண்டும். நின்றுகொண்டிருந்த எண் 4,000 சுற்றுக்கு அருகில் மளமளவென்று 0.1க்கு விழுந்தால், பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர் தாக்குப்பிடிக்கவில்லை. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்துவிட்டு மாற்றலாம்.

ஓர் எச்சரிக்கை அவசியம். சென்சார் அளப்பது ஆக்சிஜனை மட்டுமே. பெட்ரோலை அது அறியாது. ஒரு சிலிண்டரில் பொறி விழாமல் போனால், அங்கே எரியாத ஆக்சிஜன் அப்படியே புகையில் கலக்கிறது. சென்சார் அதைப் பெட்ரோல் போதாமை என்றே சொல்லும். கணினியும் நம்பி எல்லாச் சிலிண்டர்களுக்கும் கூட்டிக் கொடுக்கும். உண்மையைச் சொன்ன சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால், புதியதும் அதையே சொல்லும். எரிபொருள் குழாயில் காந்தம் மாட்டுவதும் டாங்கில் ஏதோ ஒரு திரவத்தை ஊற்றுவதும் எவ்வளவு மூடநம்பிக்கையோ, அளக்காமல் பாகம் மாற்றுவதும் அதே அளவு மூடநம்பிக்கைதான் என்பது என் உறுதியான கருத்து.

காற்றும் பெட்ரோலும் பொறியும் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால், வெளியேறும் வழியைப் பார்க்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் காற்றின் எடை அளக்கப்படுவதில்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்துக்கொண்டால் பழைய புகை சிலிண்டரில் தங்கி, புதுக் காற்றுக்கு இடமில்லாமல் செய்கிறது. அழுத்தம் உயர்ந்திருப்பதைக் கண்ட கணினி நிறையக் காற்று வந்ததாக எண்ணிப் பெட்ரோலை அதிகம் தருகிறது. கலவை செறிந்து, ட்ரிம் எதிர்த்திசையில், பூச்சியத்துக்குக் கீழே இறங்குகிறது. முழு மிதியில் அழுத்தம் 95க்கு மேல், ட்ரிம் கழித்தலில், இழுவையோ இல்லை என்ற மூன்றும் சேர்ந்து வந்தால், இன்ஜினை ஆறவிட்டு, கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைத் திருக வேண்டும். 2,500 சுற்றில் 0.2 பாரைத் தாண்டினால் ஐயமே வேண்டாம்.

அடைத்த கன்வர்ட்டரை மாற்றுவதற்கு முன், அது ஏன் அடைத்தது என்று கேட்டாக வேண்டும். பெரும்பாலும், பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று பழுதாகி, பல நாள் எரியாத பெட்ரோலை அனுப்பியிருக்கும். அது கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூட்டுப் பீங்கானை உருக்கியிருக்கும். அல்லது இன்ஜின் ஆயிலைத் தின்று, அதன் சாம்பலைப் படியவிட்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் பொருத்தும் புதிய கன்வர்ட்டருக்கும் அதே கதிதான். சரிசெய்து பொருத்திய பிறகு, கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய லாங் டெர்ம் எண்ணை அழித்துவிட்டு, சில நாள் வழக்கம்போல் ஓட்டி, முன்பு படித்த அதே மூன்று நிலைகளிலும் மீண்டும் படிக்க வேண்டும். மூன்றும் பூச்சியத்தை ஒட்டி நிற்கும்வரை பழுது தீர்ந்ததாகக் கொள்ளக் கூடாது.