சைக்கோசிஸ் சிகிச்சை: இரண்டு ஆண்டு போதுமா?

சைக்கோசிஸ் என்பது இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது போன்ற மனநோய். அது முதல்முறை வந்தவர்களில் பலருக்கு, மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிடும். பையன் சேலம் செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு மறுபடி போகத் தொடங்குவான். "இன்னும் எத்தனை நாளைக்குங்க மாத்திரை?" என்று வீட்டார் கேட்பது அப்போதுதான்.

மாத்திரையோடு வீட்டாருக்கு ஆலோசனை, படிப்புக்கும் வேலைக்கும் உதவி, வராதவரைத் தேடிப் போய்ப் பார்க்கும் பணியாளர் எல்லாம் சேர்ந்ததுதான் ஆரம்பநிலைச் சிகிச்சை. டென்மார்க்கின் 'ஓபஸ்' ஆய்வில் இதை 2 ஆண்டு கொடுத்தார்கள். முடிவில் நல்ல பலன். 5-ஆம் ஆண்டில் அதில் பெரும்பகுதி கரைந்திருந்தது. அப்படியானால் 5 ஆண்டும் கொடுத்தால்? அதையும் அங்கேயே செய்து பார்த்தார்கள். சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கனடாவின் மான்ட்ரியலில் நேர்மாறு: கூடுதலாக 3 ஆண்டு பெற்றவர்களுக்குக் குரல், சந்தேகம் போன்றவை சராசரியாக 92 வாரம் தணிந்திருந்தன; வழக்கமான சிகிச்சைக்கு மாறியவர்களுக்கு 64 வாரம்.

டென்மார்க்கில் 2 ஆண்டில் வெளியே வந்தவர்களுக்கும் தரமான மனநல சேவை காத்திருந்தது. ஆரம்பநிலைச் சிகிச்சைக் குழு விட்ட பிறகு யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பெரிய வித்தியாசம். ஏற்காட்டு எஸ்டேட் தொழிலாளி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்தால் அன்றைய கூலி போச்சு. நாலைந்து மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவார். ஆகவே இங்கே 2 ஆண்டில் கைகழுவுவது தவறு. 3 முதல் 5 ஆண்டு தொடர்பு வேண்டும். முதலில் வாராவாரம், பிறகு மாதாமாதம், கடைசியில் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

மாத்திரை விஷயம் தனி. 1999-இல் வெளியான நியூயார்க் ஆய்வில், முதல்முறை குணமானவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுக்குள் நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. குறைப்பதானால், அறிகுறியின்றி ஓராண்டாவது கடந்த பின், டாக்டர் மேற்பார்வையில், மாதக்கணக்கில் சிறுகச் சிறுகத்தான். அந்த நாட்களில் தூக்கத்தைக் கவனியுங்கள். ராத்திரி 2 மணிக்கு வாசலில் உலாத்துவது, தட்டைத் தூக்கிக்கொண்டு தனியே போய்ச் சாப்பிடுவது: முதல்முறை எது எந்த வரிசையில் வந்தது என்று ஓ.பி. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். திரும்பி வந்தால் பெரும்பாலும் அதே வரிசையில்தான் வரும். ஓலன்சபின் போன்ற மாத்திரையில் எடை வேகமாக ஏறும். எடை, இடுப்பளவு, சர்க்கரை மூன்றையும் பார்க்காமல் விட்டால் பையனே யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுவான்.

வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது வெறும் சீட்டோடு அனுப்பக் கூடாது. முதல் சந்திப்புக்குப் பழைய பணியாளர் கூடவே போக வேண்டும். கையில் ஒரு மாத மாத்திரை இருக்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 அம்மாவின் போனில் பதிவாகியிருக்க வேண்டும்.