மருந்தெதிர்ப்பு: யாருடைய எதிர்ப்பு, எதற்கு எதிர்ப்பு?

“மருத்துவமனைகளில் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் அதிகரித்து வருகிறது.” இப்படி ஒரு வாக்கியத்தை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? விவரம் அறியாத வாசகர் இதைப் படித்து மகிழ்ச்சிதான் அடைவார். நுண்ணுயிர்களை எதிர்க்கும் திறன் கூடினால் நல்லதுதானே! செய்தி சொல்ல வந்ததோ நேர்மாறானது. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு மசியாத பாக்டீரியாக்கள் மருத்துவமனைகளில் பெருகுகின்றன என்பதே அதன் பொருள். எச்சரிக்கையை நற்செய்தியாக்கும் சொல்லை எப்படி ஏற்பது?

இதன் ஆங்கிலப் பெயர் ‘ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ்’. அதில் ‘ஆன்டிபயாடிக்’ கிரேக்க வேரிலிருந்து வந்தது: ‘ஆன்டி’ என்றால் எதிர், ‘பயாஸ்’ என்றால் வாழ்வு. ஓர் உயிரி இன்னொன்றின் வளர்ச்சியைத் தடுக்கச் சுரக்கும் பொருள் என்ற கருத்தில் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன் 1940களின் தொடக்கத்தில் இதை மருந்துப் பெயராக்கினார். ‘ரெசிஸ்டன்ஸ்’ லத்தீன் வழி வந்தது, எதிர்த்து நிற்றல்.

சிக்கல் நம் தொகைச் சொல்லில்தான். ‘போர் எதிர்ப்பு’ என்றால் போரை எதிர்ப்பது. இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘மக்கள் எதிர்ப்பு’ என்றால் மக்களது எதிர்ப்பு. ஆறாம் வேற்றுமைத் தொகை. ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ இரண்டு வழியிலும் விரியும். ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்று மருந்துக்கே பெயர் வைத்துவிட்டோம். ‘நோய் எதிர்ப்பு’ என்று உடலின் காப்பைச் சொல்கிறோம். இரண்டுமே முதல் வகை. இவற்றுக்குப் பழகிய வாசகர் புதிய சொல்லையும் அப்படித்தான் விரிப்பார். பிழை அவருடையதன்று.

இதைச் சரிசெய்ய வந்தவர்கள் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்கிறார்கள். பொருள் சரி, ஆனால் இதை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுமாறும். போதாததற்கு, ‘நுண்ணுயிர்’ என்பதில் வைரஸும் பூஞ்சையும் அடங்கும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. சளிக் காய்ச்சலுக்கு அதைக் கேட்டு வாங்கும் வழக்கத்துக்கு இந்தப் பெயரும் துணைபோகிறது.

இவற்றை விடவும் மோசமானது, ‘உடல் மருந்துக்குப் பழகிவிட்டது’ என்ற விளக்கம். மாறுவது உடலன்று, பாக்டீரியா. சில பாக்டீரியாக்கள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. சில, மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. இந்தத் திறனுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்கவும் முடியும். பெனிசிலின் வகை மருந்தான மெத்திசிலின் புழக்கத்துக்கு வந்தது 1959இல். அதற்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா 1961இலேயே பதிவாகிவிட்டது. அந்த மருந்தை வாழ்நாளில் தொடாத நோயாளிக்கும், சரியாகக் கழுவாத கை வழியாகவோ சிறுநீர் வடியப் பொருத்திய குழாய் வழியாகவோ அது தொற்றலாம். இங்கே எந்த உடல் எதற்குப் பழகியது? ஆய்வகத்தில் மருந்தைச் சோதிப்பதுகூட நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்த்த பாக்டீரியாவின் மீதுதான்.

ஆகவே என் பரிந்துரை ‘மருந்தெதிர்ப்பு’. மருந்தை எதிர்ப்பது, வேறு விதமாக விரிக்க இடமில்லை. புற்றுநோய் மருந்துக்கும் இது பொருந்துமே என்று கேட்கலாம். பொருந்தட்டும். தேவையான இடத்தில் ‘பாக்டீரியாவின் மருந்தெதிர்ப்பு’ அல்லது ‘ஆன்டிபயாடிக் எதிர்ப்பு’ என்று எழுதினால் போதும். ஆன்டிபயாடிக் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும்; தூய்மைக்காகத் தெளிவைப் பலி கொடுக்க நான் உடன்படமாட்டேன். பல வகை மருந்துகளுக்கு மசியாத க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்களின் நிலைக்குப் ‘பன்மருந்தெதிர்ப்பு’ என்ற சொல் அழகாக அமைகிறது. ‘தாங்குதிறன்’ என்று சிலர் எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். மருந்து இருக்கும்போது வளர முடியாமல், ஆனால் எளிதில் சாகாமல் பிழைத்திருப்பது வேறு நிலை. ‘டாலரன்ஸ்’ எனப்படும் அதற்கே அந்தச் சொல்லை ஒதுக்கிவைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்: சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள், வாக்கியத்தைத் திரும்பப் படிப்பதில்லை. ‘சூப்பர்பக்’ என்பதைச் ‘சூப்பர் பூச்சி’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். அங்கே பூச்சி ஏது? ‘மருந்துக்கு மசியாத கிருமி’ என்று எழுதினால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். முதலில் காட்டிய வாக்கியத்தை, “மருத்துவமனைப் பாக்டீரியாக்களிடம் மருந்தெதிர்ப்பு அதிகரித்து வருகிறது” என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.