கழுத்துக் கருமையும் கயிறு தாண்டுதலும்

மும்பை மாட்டுங்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பாத்ரூம் வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்தது. 14 வயது மகளைக் குனிய வைத்து, பின்கழுத்தில் கடலை மாவும் தயிரும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அக்கா. "எவ்வளவு தேய்ச்சாலும் இந்த அழுக்கு போக மாட்டேங்குது, பாருடி." கிட்டே போய்ப் பார்த்தேன். கழுத்து மடிப்பில், வெல்வெட் துணியைத் தொட்டாற்போல் கொஞ்சம் தடித்த கருமை. தோல் சிவக்கத் தேய்த்தும் அது அப்படியே இருந்தது. "விடுக்கா, அது அழுக்கு இல்ல" என்றேன்.

இப்படிக் கருத்தால், பெரும்பாலும் இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி ஓடுகிறது என்று அர்த்தம். சர்க்கரையைக் கவனிப்பதோடு இன்சுலினின் வேலை முடிவதில்லை. செல்களை வளரத் தூண்டுவதும் அதுதான். அதிகமாகச் சுரக்கும்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் செல்கள் வேகமாகப் பெருகித் தடிக்கின்றன. மறுவாரம் டாக்டரிடம் காட்டினார்கள். சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது, இன்சுலின்தான் எகிறியிருந்தது. சர்க்கரையை அந்த அளவில் பிடித்து வைக்கக் கணையம் இரண்டு மடங்கு பாடுபடுகிறது என்று புரிந்துகொள்ளலாம். டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை, தினமும் ஒரு மணி நேரம் ஓடி ஆடச் சொன்னார். அக்காவுக்கு மனசு ஆறவில்லை. "ஓடினா கழுத்து எப்படிடி வெளுக்கும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி.

காலையில் சாப்பிட்ட இட்லி குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் செல்களுக்குள் சேர்த்துவிடும் சர்க்கரையில் பெரும்பங்கு போவது கை, கால், தொடைத் தசைகளுக்குத்தான். ஆனால் நினைத்தவுடன் சர்க்கரையால் தசை செல்லுக்குள் புகுந்துவிட முடியாது. அதற்கென்று கதவு வேண்டும். குளூட்-4 என்ற புரதம்தான் அந்தக் கதவு. வேலை இல்லாத நேரத்தில் இந்தக் கதவுகள் செல்லுக்குள்ளேயே சின்னச் சின்னப் பைகளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இன்சுலின் வந்து செல்லின் வெளிப்பக்கத்தில் ஒட்டியதும், செய்தி உள்ளே கைமாறிப் போய், பைகள் ஓரத்துக்கு நகர்ந்து, கதவுகள் சுவரில் பொருந்துகின்றன. தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் கொழுப்பு சேர்ந்துவிட்டால் இந்தச் செய்தி நடுவழியில் தேங்குகிறது. இன்சுலின் தட்டிக்கொண்டே இருக்கும், கதவு வராது. அதனால் கணையம் இன்னும் கொஞ்சம் அனுப்பும், அப்புறம் இன்னும் கொஞ்சம்.

ஓடும்போது நடப்பது வேறு. தசை சுருங்கச் சுருங்க உள்ளே கால்சியம் பாய்கிறது, ஆற்றல் கையிருப்பு குறைகிறது. ஆற்றல் குறைவதை மோப்பம் பிடிக்கும் ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அதே குளூட்-4 கதவுகள் ஓரத்துக்கு வந்துவிடுகின்றன, இந்த முறை இன்சுலினைக் கேட்காமலே. இன்சுலின் வழி அடைபட்டவர்களுக்கும் இந்த இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. உடலுக்குள் நடக்கும் இத்தனை காரியங்களில் இதை நினைத்துத்தான் நான் அதிகம் வியந்திருக்கிறேன்.

ஆடி முடித்ததும் பலன் நின்றுவிடுவதில்லை. தசை தன் சேமிப்புச் சர்க்கரையான கிளைகோஜனைச் செலவழித்துவிட்டதால், அதை நிரப்ப இரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். இன்சுலினின் பேச்சும் அந்தத் தசையில் முன்னைவிட நன்றாக எடுபடும். இது ஏறக்குறைய ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நீடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவாஜி பார்க்கில் மூன்று மணி நேரம் கிரிக்கெட் ஆடினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். புதன்கிழமைக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

சரி, இந்த வயதில் ஏன் இவ்வளவு அவசரம்? பருவமடையும் காலத்தில் வளர்ச்சி ஹார்மோன் பொங்குவதால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் இன்சுலின் வேலை செய்யும் திறன் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பருவம் முடிந்ததும் அது தானாகத் திரும்பிவிடும். நடுவில் கணையம் ஈடுகொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் நம் வீடுகளில் விளையாட்டை நிறுத்துகிறோம். ஒன்பதாவது வந்தால் கோச்சிங் கிளாஸ். பெண் குழந்தை என்றால் அதற்கும் முன்பே, "பெரியவளாயிட்ட, கீழ போய் ஆடாதே." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உடம்புக்கு ஓட்டம் மிகவும் தேவைப்படுகிற வருஷங்களில் அந்தப் பிள்ளையைக் கட்டிப்போடுகிறோம்.

"இவ ஒண்ணும் குண்டு இல்லையே" என்றாள் அக்கா. உண்மைதான், பூசினாற்போல உடம்பு, அவ்வளவுதான். இதற்குப் பக்கத்துப் புனேயிலேயே ஒரு பதில் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யூட்கினும் சேர்ந்து எடுத்த படம் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களில் ஒல்லியாகத் தெரிபவரிடம்கூடக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது சகஜம். எடைப் பொறி இதைக் காட்டாது.

கொழுப்பைக் கரைக்க எடை குறைந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பருமனான வளரிளம் பையன்களுக்குச் சாப்பாட்டைக் குறைக்காமல் மூன்று மாதம் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். ஓட்டம் போன்ற பயிற்சி செய்தவர்களுக்கும் எடை தூக்கியவர்களுக்கும் கல்லீரல் கொழுப்பு குறைந்தது. எடை தூக்கியவர்களுக்கு இன்சுலின் செயல்பாடும் மேம்பட்டது. அந்த வயதுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அசைவு, வாரத்தில் 3 நாளாவது தசையை வலுவாக்கும் வேலை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இந்த இரண்டும் வேண்டும் என்பதால்தான்.

அக்கா மகள் கயிறு தாண்ட ஆரம்பித்தாள். முதல் நாள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருபது எண்ணுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதத்தில் கீழ் வீட்டுப் பெண்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள், கயிறு போய் கோ-கோ வந்தது. நாலு மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் இன்சுலின் நன்றாக இறங்கியிருந்தது. எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. கழுத்துக் கருமை மெல்லத்தான் மங்குகிறது, அக்கா தேய்ப்பதை விட்டுவிட்டாள். ஜூனில் மழை பிடித்து மாடி வழுக்க ஆரம்பித்ததும், மூன்று பேரும் பில்டிங் படிக்கட்டில் நாலு மாடி ஏறி இறங்குகிறார்கள். இரண்டாம் மாடித் தாத்தா சத்தம் தாங்காமல் முதலில் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கை சொல்கிறார்.