தெருப் பாதுகாப்புக்கு ஃபெடரல் மானியம்: ஊர் நிர்வாகங்கள் சறுக்கும் இடங்கள்

2022இல் அமெரிக்கச் சாலைகளில் 42,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அதில் 7,500 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். இந்தச் சாவுகளைத் தடுக்கும் வேலைக்காகவே 2021 உள்கட்டமைப்புச் சட்டம் 5 பில்லியன் டாலர் ஒதுக்கியது: 2022 முதல் 2026 வரை, ஆண்டுக்கு 1 பில்லியன். திட்டத்தின் பெயர் ‘சேஃப் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ரோட்ஸ் ஃபார் ஆல்’, சுருக்கமாக எஸ்.எஸ்.4.ஏ. மாநில அரசுகள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. நகரம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு), பழங்குடி அரசு, வட்டாரப் போக்குவரத்துத் திட்ட அமைப்பு ஆகியவை நேரடியாகக் கேட்கலாம். சின்ன ஊருக்கு இது அரிய வாய்ப்பு. ஆனால் நல்ல திட்டம் கையில் இருந்தும் பல ஊர்கள் தோற்றுப்போகின்றன, அதுவும் தவிர்க்கக்கூடிய காரணங்களால்.

மானியம் இரண்டு வகை. ஒன்று, பாதுகாப்புச் செயல்திட்டம் தயாரிக்கவும், பெயிண்ட், வளையும் கம்பங்கள் போன்ற தற்காலிகப் பொருள்களால் ஒரு மாற்றத்தைச் சோதித்துப் பார்க்கவும். மற்றது, நிரந்தரக் கட்டுமானத்துக்கு. கட்டுமானப் பணம் வேண்டுமென்றால் செயல்திட்டம் ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். அதற்கென ஒரு தகுதிப் படிவம் உண்டு. விபத்து ஆய்வு, திட்டத் தேர்வு, ஐந்து ஆண்டுக்குள் முடித்த அல்லது புதுப்பித்த திட்டம் ஆகிய மூன்றுக்கும் ‘ஆம்’ கட்டாயம். மீதி ஆறு கேள்விகளில் நான்குக்காவது ‘ஆம்’ வேண்டும். பழைய சைக்கிள் பாதைத் திட்டத்தையோ நடைபாதைத் திட்டத்தையோ தூசு தட்டி இணைப்பவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். அந்தத் திட்டங்களில் உயிரிழப்பும் கொடுங்காயமும் எங்கே நடக்கின்றன என்ற கணக்கே இருக்காது.

விபத்து ஆய்வுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். போலீஸ் அறிக்கையில் காயத்தின் தீவிரத்தைக் கே, ஏ, பி, சி, ஓ என்று குறிப்பார்கள். கே என்றால் உயிரிழப்பு, ஏ என்றால் கொடுங்காயம். இந்த இரண்டையும் தனியே பிரித்து வரைபடத்தில் வையுங்கள். எல்லா விபத்தையும் ஒன்றாகக் கொட்டினால் வாகன நிறுத்தத்தில் நடந்த லேசான உரசல்கள் உயிர்போன இடங்களை மறைத்துவிடும். பிறகு ஒவ்வொரு அறிக்கையின் விவரிப்பையும், அதில் போலீஸ் வரைந்த விபத்துப் படத்தையும் பாருங்கள். இடத்தைக் குறிக்கும்போது பக்கத்துச் சந்திப்பின் பெயரை எழுதுவது வழக்கம். உண்மையில் விபத்து 300 அடி தள்ளி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நடந்திருக்கும். புள்ளியை மட்டும் நம்பினால், யாரும் கடக்காத சிக்னலில் ஜீப்ரா கோடு போடப் பணம் கேட்பீர்கள்.

இன்னொரு சறுக்கல் சாலை யாருடையது என்பதில் வருகிறது. ஊருக்குள் அதிக உயிர் பறிக்கும் சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலையாக இருக்கும். ‘நமக்குச் சொந்தமில்லை’ என்று அதை ஆய்விலிருந்து விட்டுவிடாதீர்கள். ஆய்வு ஊர் எல்லைக்குள் உள்ள எல்லாச் சாலைகளையும் தழுவ வேண்டும். அங்கே கட்டுமானம் செய்ய மாநிலத் துறையின் ஒப்புதல் வேண்டும். அது ஒரு வாரத்தில் வந்து சேராது, முதலிலேயே கேட்டு வையுங்கள்.

சிகிச்சை நோய்க்குப் பொருந்துகிறதா என்பதை மதிப்பீட்டாளர்கள் பார்ப்பார்கள். ஃபெடரல் நெடுஞ்சாலைத் துறை, பலன் நிரூபிக்கப்பட்ட 28 வழிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. சாலை நடுவே பாதசாரி நின்று கடக்கும் திட்டு, பாதசாரி விபத்துகளை 56 சதவீதம் குறைப்பதாக அந்தத் துறை சொல்கிறது. நாலு தடச் சாலையை மூன்றாக்கி நடுவில் திரும்பும் தடம் வைத்தால் மொத்த விபத்து 19 முதல் 47 சதவீதம் குறையும். மணிக்கு 40 மைலுக்கு மேல் வண்டிகள் பறக்கும் அகலச் சாலையில் மஞ்சள் மின்னல் விளக்கு மட்டும் பொதுவாகப் போதாது. பொத்தானை அழுத்தினால் சிவப்பு எரிந்து வண்டிகளை நிறுத்தும் கலப்பு விளக்கு வேண்டும். எந்த இடத்துக்கு எது, ஏன் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். ‘அழகான, நடக்க இனிய தெரு’ என்ற வர்ணனைக்கு மதிப்பெண் கிடையாது.

அடுத்தது பணம். ஃபெடரல் பங்கு 80 சதவீதம், உள்ளூர்ப் பங்கு 20. இந்த 20 மொத்தச் செலவில் கணக்கிட வேண்டியது. 4 மில்லியன் டாலர் கேட்டால் ஊர் போட வேண்டியது 1 மில்லியன், 8 லட்சம் அல்ல. இந்தப் பிழை வியப்பூட்டும் அளவுக்கு அடிக்கடி வருகிறது. வேறு ஃபெடரல் பணத்தைப் பொதுவாக இந்தப் பங்காகக் காட்ட முடியாது. ஊழியர் நேரம் போன்றவற்றைக் காட்டலாம், மணிக்கணக்கும் சம்பள விகிதமும் ஆவணத்தில் இருந்தால். பணம் முன்கூட்டியும் வராது. செலவு செய்து, ரசீது காட்டித் திரும்பப் பெற வேண்டும். மானிய ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் தொடங்கிய வடிவமைப்பு வேலைக்குக் காசு கிடைக்காது.

ஃபெடரல் பணம் பெறுவோர் பதிவுசெய்யும் அரசு இணையதளமான சாமில் (SAM.gov) பதிவும் 12 எழுத்து அடையாள எண்ணும் இல்லாமல் எதுவும் நகராது. பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஊரின் சட்டப்பூர்வப் பெயர் வரித்துறைப் பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் பல வாரம் முடங்கிவிடும். விண்ணப்ப அறிவிப்பு வரும் வரை காத்திராமல் இன்றே பாருங்கள்.

திட்டம் தயாரிக்க ஆளில்லாத ஊர்கள் பக்கத்து ஊர்களோடு சேர்ந்தோ, கவுண்டி வழியாகவோ கூட்டாகக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் ஃபெடரல் போக்குவரத்துத் துறையிடம் மதிப்பீட்டு விளக்கம் கேளுங்கள். எந்தப் பகுதியில் மதிப்பெண் போனது என்று தெரிந்துகொண்டு, அடுத்த சுற்று வந்தால் அந்தப் பகுதியைத் திருத்தி எழுதலாம்.