பேப்பரில் 3,150, கையில் 1,600: ஐபிஏ கடிதத்தைப் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள்

போன வாரம் சென்னை தம்புச் செட்டித் தெருவில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். மகனுக்கு 25 வயது, பி.காம் படித்தவர். சிங்கப்பூரில் ஒரு சின்ன வணிக நிறுவனத்தில் 14 மாதம் பில் போடுவதும் கணக்கு எழுதுவதுமாக ஆபீஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அப்பா மஞ்சப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்துக்கு ஒரு மாதம். மேலே சம்பளம் வங்கியில் ஏறிய தேதி. அதன் கீழே ‘3,150 வந்தது’. அதற்கும் கீழே ‘ஆபீஸில் திருப்பிக் கொடுத்தது 1,550’. பதினான்கு பக்கத்திலும் அதே இரண்டு தொகைதான், எல்லாம் சிங்கப்பூர் டாலரில். சில பக்கங்களில் நீல மை, சில பக்கங்களில் கறுப்பு.

“இதை வெச்சு ஏதாவது பண்ண முடியுமா மேடம்?” என்று அப்பா கேட்டார். வேலையை விட்டு எவ்வளவு நாளாச்சு என்று கேட்டேன். மகன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து “எட்டு மாசம்” என்றார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் நான் சொல்லியிருக்கும் பதிலே வேறு.

இந்த ஆண்டில் இதே கதையோடு என்னிடம் வந்தவர்களில் இவர் ஏழாவது ஆள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வருகிற ஏழு பேரும் சொல்வது ஒரே வார்த்தைதான். “அது பேப்பர் சம்பளம் மேடம், விசாவுக்காகப் போட்டது. கைச் சம்பளம் வேற.” டேலி தெரிந்த பிள்ளைகள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரிந்த பிள்ளைகள்கூட இதைக் கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறார்கள். எங்கிருந்து இந்த எண்ணம் வருகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மனை வாங்கும்போது பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகையும், கையில் கொடுப்பது வேறு தொகையுமாகப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சர்க்காருக்குக் காட்டுவது ஒன்று, நடப்பது ஒன்று என்பது நமக்கு உறுத்துவதே இல்லை. ஏஜென்ட் அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார்.

சரி, ஒருமுறை தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஐபிஏ என்பது சிங்கப்பூரின் மனிதவள அமைச்சு, நம் பிள்ளைகள் எம்ஓஎம் என்று சொல்கிறார்களே, அது கொடுக்கும் முன் அனுமதிக் கடிதம். அதில் ‘நிலையான மாதச் சம்பளம்’ என்று ஒரு வரி இருக்கும். அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாமல் வரும் படிகளும் சேர்ந்த தொகை அது. ஓவர்டைம், போனஸ் எதுவும் அதில் சேராது. இந்தத் தொகைக்குக் குறையாமல் சம்பளம் தருகிறேன் என்ற நிபந்தனையின் பேரில்தான் முதலாளிக்கு உங்கள் பாஸ், அதாவது வேலை அனுமதி, கிடைக்கிறது. ஆக, அதுதான் உங்கள் சம்பளம். வேறு ஒரு சம்பளம் கிடையாது. கடையில் வியாபாரம் இல்லை என்றாலும் அதுதான். ஏஜென்டோடு போனில் 1,600 என்று பேசிக்கொண்டிருந்தாலும் அதுதான். ‘எனக்கு 1,600 சம்மதம்’ என்று நீங்களே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அதுதான்.

சம்பளம் ஏறிய மறுநாள் ஏடிஎம்மில் எடுத்து முதலாளி கையில் கொடுப்பதற்கு நம் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘ரிட்டர்ன்’. கேட்க என்னவோ சாதாரண வரவுசெலவு மாதிரி இருக்கிறது. சிங்கப்பூரின் வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தில் அது குற்றம். வேலை கொடுப்பதற்கோ வேலையில் தொடர்ந்து வைத்திருப்பதற்கோ ஊழியரிடம் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. இந்தப் பிரிவு தண்டிப்பது பணத்தை வாங்கியவரை. கொடுத்தவரை இல்லை. இது தெரியாமல்தான், ‘நானும் மாட்டிக்குவேன்’ என்ற பயத்திலேயே 14 மாதத்தைக் கழித்திருக்கிறார் இந்தப் பிள்ளை.

1,550 வீதம் 14 மாதம் என்றால் 21,700 டாலர். டாலருக்கு 65 ரூபாய் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 14 லட்சத்தைத் தாண்டுகிறது. இன்னொன்று, அங்கே வருமான வரிக்கு முதலாளி காட்டுவது 3,150 என்ற தொகையைத்தான். வரியும் அதற்குத்தான் போடுவார்கள். கைக்கு வந்து திரும்பிப் போன பணத்துக்கும் சேர்த்துத்தான் இவர் கணக்கில் வரி எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த தவறான எண்ணம் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுடையது. “சிங்கப்பூரில் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே கிடையாதே மேடம்” என்பார்கள். எல்லா வேலைக்கும் பொதுவாக ஒரு தொகை அங்கே கிடையாது, உண்மைதான். அலுவலக நிர்வாக ஊழியர்களுக்கென்று 2023 மார்ச் முதல் படிப்படியாக உயரும் ஊதிய முறை ஒன்று இருக்கிறது. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். நமக்கு இருப்பது பாஸுக்கான சம்பள வரம்பு. நடுத்தரத் திறனுள்ள ஊழியர்களுக்கான எஸ் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்க மாதச் சம்பளம் 2023 செப்டம்பரில் 3,150 டாலர் என்று இருந்தது, 2025 செப்டம்பர் 1 முதல் 3,300. நிதித் துறை என்றால் 3,800. நிர்வாகிகள், நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் 5,600, நிதித் துறைக்கு 6,200. இவை இளம் வயதினருக்கான தொடக்க வரம்புகள். வயது ஏற ஏறத் தொகையும் ஏறும். நாற்பது வயது அண்ணன் ஒருவருக்கு 3,300-க்கு எஸ் பாஸ் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார். இன்னொரு விஷயமும் உண்டு. வரம்பு 3,300 ஆக இருந்து, உங்கள் ஐபிஏவில் 3,700 என்று போட்டிருந்தால், உங்களுக்கு 3,700-தான் கணக்கு. வரம்பைத் தாண்டிவிட்டோம், மேலே இருப்பதைக் குறைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்ல முடியாது. குறைப்பதென்றால் உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், அமைச்சுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சில்லறை வணிகத்தில், சேவைத் துறையில் இந்தியர்களுக்குக் குமாஸ்தா வேலைக்கென்று, எஸ் பாஸுக்குக் கீழ்ப்படியில் இருக்கும் ஒர்க் பெர்மிட் கிடையாது. சமையல்காரர் போன்ற பட்டியலிட்ட சில வேலைகளுக்குத்தான் உண்டு. அதனால்தான் மாதம் 1,600 கொடுக்க நினைக்கும் முதலாளி, 3,300 வரம்புள்ள எஸ் பாஸை எடுத்துவிட்டு வித்தியாசத்தை உங்களிடம் பிடுங்குகிறார். சேவைத் துறையில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் எஸ் பாஸ் கொடுக்க முடியும். ஒவ்வொருவருக்கும் மாதம் 650 டாலர் லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியருக்கான தீர்வை, அரசுக்குக் கட்ட வேண்டும். இந்த லெவி முழுக்க முதலாளியின் செலவு. “உன் லெவியை நான் கட்டுறேன்ல, அதைத்தான் பிடிக்கிறேன்” என்று அவர் சொன்னால் அதுவும் சட்டப்படி கூடாது. ரூம் வாடகை பிடிக்கலாம், ஆனால் நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், சம்பளத்தில் கால்பங்குக்கு மேல் போகக் கூடாது, பே ஸ்லிப்பில் தெரிய வேண்டும். பே ஸ்லிப் கொடுப்பது அங்கே 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம். கொடுக்காத முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கேளுங்கள்.

பிரிட்டனைப் பற்றியும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ஸ்கில்ட் ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவான ஆண்டுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆனது. 2025 ஜூலை 22 முதல் 41,700. அந்த வேலைக்கென்று வகுத்த தொகை இதைவிட அதிகமாக இருந்தால் அந்தத் தொகையைத் தர வேண்டும். புதிதாகப் போகிறவர்களுக்கு வேலையும் பட்டதாரி நிலை வேலையாக இருக்க வேண்டும். பற்றாக்குறைப் பட்டியலில் இருக்கும் சில வேலைகளுக்கு மட்டும் தற்காலிக விலக்கு. சாதாரண ரிசப்ஷன் வேலை, டேட்டா என்ட்ரி வேலைக்கு “ஸ்பான்சர்ஷிப் ரெடி, 12 லட்சம்” என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள், தயவுசெய்து. ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கட்டணத்தை உங்கள் தலையில் கட்ட அங்கே முதலாளிக்கு அனுமதியே இல்லை.

இனி நம் ஊர்ப் பக்கம். “நான் டிகிரி முடிச்சவன், இசிஎன்ஆர் பாஸ்போர்ட், எனக்கு எமிக்ரேஷன் சட்டம் எல்லாம் கிடையாது” என்று நினைக்கிறார்கள். இசிஎன்ஆர் என்றால், பத்தாவது தேறியவர்களுக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லை, அவ்வளவுதான். 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் ‘வேலை’ என்பதற்கான விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஆபீஸ் அசிஸ்டென்ட், கணக்கர், டைப்பிஸ்ட், ஸ்டெனோ என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அந்த வேலைகளுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இந்தப் பிள்ளையிடம் வாங்கியது நாலரை லட்சம். ரசீது இல்லை. ஆபீஸ் என்று ஒரு மாடிப்படி ஓர அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு லேமினேட் செய்த உலக வரைபடமும் இருந்ததாம், இப்போது அந்த இடத்தில் மொபைல் சர்வீஸ் கடை. பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியலை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது, அங்கேயும் போய்க் கேட்கலாம். இவ்வளவு இருந்தும், பக்கத்துத் தெரு அண்ணன் சொன்னார் என்று நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். கோபம் வருகிறது எனக்கு, ஒளிக்காமல் சொல்கிறேன்.

கிளம்பும் முன் ஐபிஏ கடிதத்தை முழுசாக, உங்கள் செல்போனில், பிடிஎஃப்பாக வாங்குங்கள். ஏஜென்ட் காட்டும் ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம். வேலையின் பெயர், சம்பளம், பிடித்தங்கள் மூன்றையும் வீட்டில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு படியுங்கள். அமைச்சின் இணையதளத்தில் சரிபாருங்கள். மூன்று மாத டிரெய்னிங் பாஸில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். அது நீட்டிக்க முடியாத பாஸ். இல்லாத பட்டத்தைச் சான்றிதழில் காட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் குற்றம் உங்கள் தலையில்தான் விழும். வெற்றுத்தாளில் கையெழுத்து எக்காரணம் கொண்டும் கூடாது.

போய்ச் சேர்ந்தபின் ரிட்டர்ன் கேட்டால், கேட்ட மெசேஜை அழிக்காதீர்கள். வங்கி அறிக்கையை மாதாமாதம் இறக்கி, நம் ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். ஏடிஎம் ரசீதைப் படம் எடுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள், இந்தப் பிள்ளை அதை மட்டும் சரியாகச் செய்திருக்கிறார். அப்புறம் பெண்டிமியர் சாலையில் இருக்கும் அமைச்சின் சேவை மையத்துக்குப் போங்கள். சம்பளத் தகராறை டிஏடிஎம் (TADM) என்ற அமைப்பு எடுத்துக்கொண்டு முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் வேலை உரிமைகோரல் தீர்ப்பாயத்துக்குப் போகும். வேலையில் இருக்கும்போது என்றால் சம்பளம் குறைந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் புகாரைப் பதிந்தாக வேண்டும். கடைசி வேலை நாள் என்றுதான் சொல்கிறேன், ஊர் வந்து சேர்ந்த நாள் கணக்கில்லை. தங்கைக்குக் கல்யாணம் முடியட்டும், ஆடி போகட்டும் என்று தள்ளிப்போட்டு ஏழாவது மாதம் வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனசு வலிக்கிறது. திரும்பி வந்த பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் இருந்தால், பெற்றவர்களே, என்ன நடந்தது என்று உட்கார வைத்துக் கேளுங்கள். இவருடைய அப்பாவுக்கு அந்த நோட்டு கண்ணில் பட்டதே போன மாதம்தான், பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது.

சம்பளப் பாக்கிக்கான கெடு இவருக்குப் போய்விட்டது. ரிட்டர்ன் வாங்கிய குற்றத்துக்கு அந்த ஆறு மாதக் கெடு கிடையாது, அதனால் அமைச்சுக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம். பதிவில்லாத ஏஜென்ட் மேல் இங்கே தனிப் புகார். நோட்டின் பதினான்கு பக்கங்களையும் நகலெடுத்தாகிவிட்டது. திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவும் மகனும் அசல் நோட்டோடு வேப்பேரி கமிஷனர் அலுவலக வாசலில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.