லிக்விடிட்டின்னா பணப்புழக்கமா, நீர்மையா?

"வங்கிகளில் பணப்புழக்கம் குறைந்தது"ன்னு பேப்பர்ல ஒரு வரி படிச்சா என்ன நினைப்பீங்க? ஜனங்க கையில நோட்டு கம்மியாயிடுச்சுன்னுதானே. ஆனா பல நேரம் அந்தச் செய்தி சொல்ல வர்றது, வங்கிங்க ரிசர்வ் வங்கியில வச்சிருக்கிற உபரிப் பணம் கொறஞ்சு போச்சு, ஒரு ராத்திரிக்கு கடன் வாங்கித்தான் கணக்க நேர் பண்றாங்கங்கிறத. அங்க இருக்கிற வார்த்தை லிக்விடிட்டி. அதையும் நோட்டுப் புழக்கத்தையும் ஒரே சொல்லுல போட்டு கொழப்பிட்டோம்.

வேர் லத்தீன்ல இருக்கு. லிக்விதுஸ்னா ஓடுறது, நீர் மாதிரி இருக்கிறது, அதோட தெளிவா இருக்கிறதுன்னும் ஒரு பொருள். கடன் கணக்க தெளிவாக்கி முடிக்கிறதுக்கு லிக்விடேட்னு சொல்றதும் இங்கருந்து வந்ததுதான். 1936ல பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெயின்ஸ், ஜனங்க ஏன் வட்டி வராத ரொக்கத்தையே கையில வச்சிக்க விரும்புறாங்கன்னு கேட்டு அதுக்கு லிக்விடிட்டி விருப்பம்னு பேர் வச்சப்பறம் இந்த வார்த்தை பொருளாதாரத்துல அசைக்க முடியாத இடம் பிடிச்சிருச்சு.

பொருள் என்னன்னா, ஒரு சொத்த பெருசா நஷ்டம் இல்லாம எவ்வளவு சீக்கிரம் காசாக்க முடியும், அவ்வளவுதான். இதுக்கு நம்ம ஊர்ல ஏற்கனவே பேச்சு இருக்கு. "ஒரு லட்சம் அவசரமா புரட்ட முடியுமா?"ன்னு கேக்குறோம்ல, அந்த புரட்டுறதுதான். நகை இருந்தா அரை மணி நேரத்துல அடகு வச்சு புரட்டிடலாம், ரெண்டு ஏக்கர் நிலம் இருந்தா ஆள் தேடணும், வில்லங்கம் பாக்கணும், அவசரம்னு தெரிஞ்சா வாங்குறவன் விலைய அடிப்பான். "காசெல்லாம் நிலத்துல முடங்கிக் கிடக்கு"ன்னு சொல்றவரு ஏழை இல்ல, அவர்கிட்ட லிக்விடிட்டி இல்ல. எந்தப் பாடப்புத்தகமும் இதவிட நல்லா சொன்னதா எனக்குத் தெரியல.

இப்போ வங்கிக்கு வாங்க. நாம போடுற காச நாளைக்கே எடுக்கலாம், அத வச்சு வங்கி குடுக்கிறதோ 20 வருஷ வீட்டுக் கடன். அதாவது முடங்குற பணத்த புரளுற பணமா மாத்தி நமக்குக் காட்டுது. 1983ல அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் டக்ளஸ் டைமண்டும் ஃபிலிப் டிப்விக்கும் சேந்து எழுதின கட்டுரை இதத்தான் கணக்கா போட்டுக் காட்டுச்சு: எல்லாரும் ஒரே நாள்ல வரமாட்டாங்கங்கிற வரைக்கும் வங்கி நல்லா ஓடும், "மத்தவன் எடுத்துருவான்"ங்கிற பயம் வந்துட்டா ஒழுங்கான வங்கிகூட விழுந்துரும், ஏன்னா கடன அவசரத்துல வித்தா பாதிக்குப் பாதிதான் தேறும். டெபாசிட் இன்சூரன்ஸ், அதாவது வங்கி விழுந்தாலும் போட்ட காசு ஒரு வரம்பு வரைக்கும் திரும்பக் கிடைக்கும்ங்கிற காப்பீடு, இருந்தா அந்தப் பயமே வராதுன்னாங்க. (நம்ம நாட்டுல அது 1962லேயே வந்தாச்சு, இப்போ ஆளுக்கு ஒரு வங்கியில 5 லட்சம் வரைக்கும்.) 2022ல அமெரிக்க மத்திய வங்கியோட முன்னாள் தலைவர் பெர்னான்கியோட சேத்து ரெண்டு பேருக்கும் நோபல் கெடச்சது. காச எடுக்க இப்படி எல்லாரும் முண்டியடிக்கிறத (இங்கிலீஷ்ல பேங்க் ரன்) சிலர் "வங்கி ஓட்டம்"னு எழுதுறாங்க, படிச்சா வங்கியே ஊர விட்டு ஓடிட்ட மாதிரி இருக்கு.

அப்பறம் டைமண்ட் சிகாகோ பல்கலைக்கழகத்துல ரகுராம் ராஜனோட சேந்தாரு. ராஜன் போபால்ல பொறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பின்னாடி 2013லேந்து 2016 வரைக்கும் ரிசர்வ் வங்கி கவர்னரா இருந்தவரு. 2001ல இவங்க எழுதினது கொஞ்சம் கிறுக்குத்தனமாவே தோணும்: ஜனங்க எப்ப வேணா வந்து காச உருவிடலாம்ங்கிற மிரட்டல் இருக்கிறதாலதான் வங்கிக்காரன் "இந்தக் கடன வசூல் பண்ண எனக்குத்தான் தெரியும், எனக்கு அதிகப் பங்கு குடு"ன்னு பேரம் பேசாம இருக்கானாம். 2012ல இன்னொன்னு எழுதினாங்க, நெருக்கடி வந்தா மத்திய வங்கி வட்டிய கொறச்சு காப்பாத்திரும்னு தெரிஞ்சா வங்கிங்க கையில காசு வச்சிக்காம இன்னும் இன்னும் முடக்கிப் போடும், அதனால நல்ல காலத்துல வட்டிய கொஞ்சம் கூடவே வச்சிக்கணும்னு.

நான் ரொம்ப யோசிச்சது ராஜன், ரிசர்வ் வங்கியோட முன்னாள் துணை கவர்னர் விரல் ஆச்சார்யா இன்னும் ரெண்டு பேரோட 2022 ஆகஸ்ட்ல ஜாக்சன் ஹோல்ல (அமெரிக்காவுல மத்திய வங்கிக்காரங்க வருஷா வருஷம் கூடுற இடம்) வச்ச வாதம். மத்திய வங்கி பத்திரம் வாங்கி பணத்த ஊத்துறப்போ வங்கிங்க அத நம்பி இன்சூரன்ஸ் இல்லாத டெபாசிட்ட ஏத்திக்குது, கேட்ட உடனே கடன் தர்றேன்னு வாக்கும் குடுத்து வைக்குது, ஊத்தின பணத்த திருப்பி உறிஞ்சுறப்போ அந்த வாக்கெல்லாம் கொறையறதே இல்ல. ஏழு மாசம் கழிச்சு, 2023 மார்ச் 9ஆம் தேதி ஒரே நாள்ல அமெரிக்காவோட சிலிக்கான் வேலி வங்கியிலேந்து 4,200 கோடி டாலர் வெளிய போச்சு, மறுநாள் மூடிட்டாங்க. அங்க டெபாசிட்ல பத்துல ஒம்பது பங்குக்கு மேல இன்சூரன்ஸ் வரம்புக்கு வெளிய இருந்துச்சு.

சரி, தமிழ்ல என்ன எழுதறது? இலங்கையில திரவத்தன்மைங்கிறாங்க, பொருள் சரியாத்தான் வருது. இங்க கணக்குப்பதிவியல் புத்தகத்துல நீர்மைத்தன்மை. நீர்மைங்கிறதுலயே தன்மை இருக்கு, அதுக்கு மேல இன்னொரு தன்மை எதுக்குன்னு தெரியல. வெறும் நீர்மை போதும்ங்கிறது என் கட்சி. பழந்தமிழ்ல நீர்மைன்னா குணம்னும் பொருள் உண்டு, அதனால முதல் தடவ எழுதறப்போ மட்டும் "பண நீர்மை"ன்னு போட்டுட்டா கொழப்பம் வராது. அதுக்கு எதிர்ச்சொல்லா முடக்கம்: "அந்த வங்கியோட சொத்துல பாதி முடக்கச் சொத்து". பணப்புழக்கத்த ஜனங்க கையில ஓடுற நோட்டுக்கு விட்டுருங்க. வங்கிங்க டெபாசிட்ல ஒரு பங்க ரொக்கம், தங்கம், அரசுப் பத்திரம்னு வச்சிருக்கணும்ங்கிற எஸ்.எல்.ஆர் விதியில நடுவுல நிக்கிற எல்லும் இதே லிக்விடிட்டிதான், அத "சட்டப்படியான நீர்மை விகிதம்"னு எழுதலாம், ரொக்கம்னு எழுதிட்டா பக்கத்துல இருக்கிற சி.ஆர்.ஆரோட (ரிசர்வ் வங்கியில ரொக்கமா வைக்க வேண்டிய பங்கு) போய் முட்டிக்கும்.